அன்புச்செல்வியின் கை

கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரல்களைச் சேர்த்து என் முழங்கை மடிப்பில் வைத்து அழுத்துகிறார் அன்புச்செல்வி. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்ததும் விரல் நின்றுவிடுகிறது. "இங்கதான் ஒளிஞ்சிக்கினு இருக்கான்" என்கிறார். காதில் செருகியிருக்கும் நீலப் பேனாவை எடுத்து, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளி வைக்கிறார். பிறகு உள்ளறைப் பக்கம் பார்த்து, "சார், வாங்க" என்று குரல் கொடுக்கிறார். லேப் முதலாளி சக்கரவர்த்தி வருகிறார். புள்ளிக்கு நேர் மேலே ஊசியை இறக்கி ரத்தம் எடுக்கிறார். அது முடிகிற வரைக்கும் அன்புச்செல்வி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தபடி நிற்கிறார். அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் ஒரு நாள் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு மருந்துக் கம்பெனியின் பெயரும் தேதியும்தான் இருந்தன.

"ஆச்சும்மா" என்று சக்கரவர்த்தி சொன்ன பிறகுதான் திரும்புவார். திரும்பியதும் பழைய ஆள். பஞ்சை வைத்து அழுத்துவார், கையை மடக்கிவிடுவார், "போய் இட்லி சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க. நடுவுல டீ, காபி, அந்தக் கடை வாசல்ல நின்னுகினு பஜ்ஜி, ஒண்ணும் கூடாது" என்று என் ரகசியங்களை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி அனுப்புவார். எனக்குச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெறும் வயிற்றோடு அந்த மர பெஞ்சில் போய் உட்கார வேண்டியது என் விதி. ஊசி என்றால் இந்த வயதிலும் எனக்கு உள்ளங்கால் கூசும். ஆகவே அன்புச்செல்வியின் கை பற்றி நான் எழுதுவது முழுக்கவும் சுயநலம் கலந்ததுதான்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்த லேப். ஒரு முன்னறை, ஓர் உள்ளறை, ஒரு குளிர்சாதனப் பெட்டி. காலை ஆறரை மணிக்கே பெஞ்சு நிறைந்துவிடும். கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள், வாக்கிங் முடித்து வியர்வையோடு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார்கள், காவித் துண்டு போர்த்திய வெள்ளைக்காரர்கள். எல்லோரும் பசியோடு இருப்பதால் ஒருவருக்கொருவர் சமமாகிவிடுகிற இடம் அது.

இந்தக் கூட்டத்தை அன்புச்செல்வி மேய்க்கிற அழகே தனி. நாற்பத்தேழு வயது. குள்ளமான, உறுதியான உடம்பு. புடவைக்கு மேலே வெள்ளைக் கோட்டு. அதன் பையில் எப்போதும் கொஞ்சம் பொட்டுக்கடலை, மயக்கம் வருகிறவர்களுக்காக. நரம்புகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார். மண்வெட்டி பிடிக்கிறவர்களின் கையில் புடைத்துக்கொண்டு தெரிவது "தண்டுக்கீரை." விரலுக்குத் தப்பி இப்படியும் அப்படியும் ஓடுவது "விலாங்கு." என்னுடையது "ஒளியறவன்." கையை இறுக்கச் சொல்ல வேண்டுமென்றால், "பஸ்ஸுல நிக்கிறீங்க, டிரைவர் பிரேக்கு போடறாரு, கம்பியப் புடிங்க" என்பார். ஜெர்மனிக்காரரோ ஜப்பான்காரரோ, எல்லோருக்கும் ஒரே ஆங்கிலம்தான். "நோ பெயின். ஒன்லி எறும்பு." அவர்களும் எறும்பு என்றால் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கையை நீட்டுவார்கள்.

இரண்டு வருடம் முன்புவரை ஊசியும் அவர் கையில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் அவரிடம் ரத்தம் கொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். குத்தியது தெரியவில்லை என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் குத்து என்பது அவரிடம் கிடையாது. ஊரில் அவருக்குப் பெயரே "கைராசிக்கார அம்மா." அவர் லீவு என்று தெரிந்தால் பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். "நாளைக்கு வரோம் சார். அந்தம்மா கையால எடுத்தாத்தான் ரிசல்ட்டும் நல்லா வருது" என்று சக்கரவர்த்தியின் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். வியாபாரம் தெரிந்தவர்.

அந்தக் கைராசி வந்த கதையை அன்புச்செல்வி சொல்லிக் கேட்க வேண்டும். பத்தாவது முடித்துவிட்டு இந்த லேபுக்குக் கூட்டிப் பெருக்கவும் கண்ணாடிக் குழாய்களைக் கழுவவும் வந்தவர் அவர். பெண் புத்திசாலியாக இருக்கிறாளே என்று சக்கரவர்த்திதான் படிக்க வைத்து, வெள்ளைக் கோட்டு வாங்கிக் கொடுத்து, ஊசியைக் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் சோதனை. கை நடுங்கும். ஒருவருக்கு மூன்று குத்து, நான்கு குத்து. "கைய சல்லடையா ஆக்கிட்டியே, நீ உருப்படுவியா" என்று ஒருவர் கத்திவிட்டுப் போனார். இன்னொருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். இனி வரமாட்டேன், கழனி வேலையே மேல் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கடைசியாகக் கோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று, ராணியம்மாள் என்று ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பொரிகடலை விற்கிறவர் ராணியம்மாள். கனத்த சரீரம். நரம்பு எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. அதற்கு முன் வேறிரண்டு இடங்களில் குத்திப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். சக்கரவர்த்தி வெளியே போயிருந்தார். வேறு வழியில்லாமல் அன்புச்செல்வி எடுத்தார். எப்படி எடுத்தார் என்று அவருக்கு ஞாபகமில்லை. ஊசி போனது, ரத்தம் வந்தது, அவ்வளவுதான்.

"அந்தம்மா ஒரு நிமிஷம் என்னியே பாத்துகினு இருந்துதுண்ணா. அப்பறம் என் கையப் புடிச்சு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிச்சு. 'அடியே, உனுக்குக் கைராசி இருக்குதுடி. இத்த வுட்டுட்டு எங்கியும் பூடாத'ன்னுச்சு. நான் கோட்ட மறுபடியும் மாட்டிக்கினேன்."

பொரிகடலைக்காரர் வாயில் விழுந்த சொல் என்ன ஆகும்? அடுத்த பௌர்ணமிக்குள் அது மலையைச் சுற்றிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அவரைப் பார்த்ததுமே தோளைத் தளர்த்தினார்கள். சக்கரவர்த்தி இதை எனக்கு விளக்கியிருக்கிறார். பயந்தவன் நரம்பு சுருங்கி உள்ளே போய்விடுமாம். நம்பிக்கையோடு கையை நீட்டுகிறவன் நரம்பு தானாகவே மேலே வந்து நிற்குமாம். ஊர் நம்பியது, நரம்பு நின்றது, ஊசி போனது. ஊசி போகப் போக அன்புச்செல்வியும் நம்பினார். கை நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்குமுன் அவர் வாயைத் திறந்து பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. ஒரு வருடத்தில் லேபையே அதட்டி நடத்துகிற ஆளாகிவிட்டார். பிளஸ் டூவைத் தனியாக எழுதிப் பாஸ் செய்தார். ஸ்கூட்டி ஓட்டப் பழகினார். பக்கத்து நர்சிங் ஹோமில் ஒரு நோயாளிக்கு நரம்பு கிடைக்கவில்லை என்றால் ஆள் ஓடிவரும், கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் டிரிப் ஊசியைப் போட்டுவிட்டு வருவார். புதிதாகக் கடை திறக்கிறவர்கள் முதல் போணி அவர் கையால் ஆகட்டும் என்று வந்து அழைப்பார்கள். ஒரு டயர் கடைக்காரர் அழைத்தபோது, "டயர வாங்கி நான் இன்னாத்துக்குண்ணா பண்றது" என்று சிரித்துக்கொண்டே போய், ஸ்கூட்டிக்குக் காற்றடித்துக்கொண்டு வந்தார்.

ஒருவர் தன்னை நம்பத் தொடங்கினால் எப்படியெல்லாம் விரிவார் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாக, கண்ணாலேயே பார்த்தேன்.

இதில் அதிகம் பெருமைப்பட்டவர் அவர் கணவர் புகழேந்தி. கோயிலிலிருந்து அடி அண்ணாமலை வழியாகப் போகிற மினி பஸ்ஸில் டிரைவர். யாராவது ஏறி உட்கார்ந்து இருமினாலும் போதும், "லேபுல செக் பண்ணிக்கிங்க, எங்க வூட்டுக்காரம்மாதான், கைராசிக்காரி, தெரியுமில்ல" என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்வார். மகள் தென்றல் ஆரணியில் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருந்தாள். கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் போவதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுவது அவர், பின்னால் உட்கார்ந்திருப்பது புகழேந்தி. பஸ் டிரைவர் பின்னால் உட்காரலாமா என்று நான் கேலி செய்தபோது, "ராசியான கை ஓட்டட்டும் சார், நமக்கு எதுக்கு ரிஸ்க்கு" என்றார்.

இரண்டு வருடம் முன்பு, தீபத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்கிற நாட்களில் புகழேந்திக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸை ஓட்டினார். வாந்தி, பேதி, அதற்கும் ஒரு மாத்திரை. விழா முடிந்த மறுநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டு நர்சிங் ஹோமுக்குப் போனார்கள். உடம்பில் நீர்ச்சத்தே இல்லை, ரத்த அழுத்தம் தரைக்கு இறங்கியிருந்தது. நர்ஸ் குத்திப் பார்த்தாள், நரம்பு கிடைக்கவில்லை. டாக்டர் வந்துகொண்டிருந்தார். அந்த நிலையிலும் புகழேந்தி சிரிக்கப் பார்த்தாராம். "என் பொண்டாட்டியக் கூப்புடுங்க. ஊருக்கே ராசி, எனுக்கு இல்லாமயா பூடும்" என்றாராம்.

மீதியை ஒரு மத்தியான நேரம், லேபில் ஆள் இல்லாதபோது, அன்புச்செல்வியே எனக்குச் சொன்னார். பஞ்சை உருட்டி உருட்டி டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"கையில ரெண்டு எடத்துல குத்தனேண்ணா. கெடைக்கல. பொறங்கையில குத்தனேன். காலுல குத்தனேன். ஒண்ணுமே தொறக்கல. வெரலுக்கே தட்டல. என் வூட்டுக்காரரு கை அது, எங்க எந்த நரம்பு ஓடுதுன்னு இருட்டுல சொல்லுவேன். அன்னிக்கு அது யாரு கையோ மாதிரி இருந்துது. அவரு கண்ணத் தொறந்து பாத்தாரு. 'வுடு செல்வி, நீ டென்ஷனா இருக்க. போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்து குத்து. நான் எங்க போய்டப் போறேன்'னாரு."

டீ குடிக்க அவர் போகவில்லை. டாக்டர் வந்து கழுத்து வழியாக ஊசி போட்டு மருந்தை ஏற்றினார். மறுநாள் காலை புகழேந்தி இறந்துவிட்டார். கிருமி ரத்தத்தில் பரவி இதயம் வரைக்கும் போய்விட்டது, நான்கு நாள் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஊசி ஐந்து நிமிடம் முன்னால் ஏறியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றும் சொன்னார். அந்த நிலையில் யார் குத்தினாலும் நரம்பு கிடைத்திருக்காது, அது மூடிப்போன நரம்பு என்று சக்கரவர்த்தியும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் அன்புச்செல்வி பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

"நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா ராசி இருந்திருந்தா கெடைச்சிருக்கும் இல்ல?"

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சிரிஞ்சைப் பிரித்துக் கையில் எடுத்தார். அப்படியே தட்டில் வைத்துவிட்டார். "எனுக்கு வேணாம் சார். கைராசி பூடுச்சு" என்றார். அழவில்லை. கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார் என்கிறார் சக்கரவர்த்தி. அன்றிலிருந்துதான் இந்தப் புள்ளி வைக்கிற ஏற்பாடு. நரம்பைக் கண்டுபிடிப்பது அவர், குத்துவது முதலாளி.

வேடிக்கை என்னவென்றால், ஊர் நம்பிக்கையை விடவில்லை. தாலி இழந்தவளிடம் ராசி ஏது என்று நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேச நம் ஊரில் ஆளா இல்லை? ஆனால் இந்தப் பெஞ்சில் உட்கார்கிற சனங்கள் ஒருவர்கூடப் பேசவில்லை. "நீ குத்தும்மா, அவரு வேணாம்" என்று கையை நீட்டிக்கொண்டு அடம் பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ராணியம்மாளே ஒரு நாள் வந்து, "ஏன்டி, நான் குடுத்த பேர நீயா எப்டி வாணாம்னுவ" என்று சண்டை போட்டார். அன்புச்செல்வி அவர் கையிலும் ஒரு புள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உலகமே ஒருவரை நம்பும்போது அந்த ஒருவர் மட்டும் நம்பாமல் இருந்தால் அந்த நம்பிக்கை முழுக்கப் பாழ்.

அவர் வைத்த புள்ளி ஒரு நாளும் தவறியதில்லையே, அது மட்டும் எப்படி என்று கேட்டேன்.

"அது வெரலுண்ணா. வெரலு வேற, கை வேற" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அந்தச் சொல்லின் மேல். கைராசி! எவ்வளவு அன்பாகச் சொல்லப்பட்ட சொல். ராணியம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல் மட்டும் விழாமல் போயிருந்தால் அன்புச்செல்வி கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கழனிக்குப் போயிருப்பார். ஆனால் அன்றைக்கு ராணியம்மாள், "பரவால்லியே, நல்லாக் கத்துக்கினியே" என்று சொல்லியிருக்கக் கூடாதா? கற்றுக்கொண்டது என்றால் அது நம்முடையது. ஒரு நாள் தவறினால் மறுநாள் மறுபடி செய்து பார்க்கலாம். ராசி என்பது எங்கிருந்தோ வருவது. வந்தது போலவே போய்விட்டது என்றால் யாரிடம் போய்க் கேட்பது? இத்தனை வருடம் தன் உழைப்பால் வந்த பெயரையெல்லாம் அந்த ராசியின் பெயரில் எழுதி வைத்துவிட்டு, இந்தப் பெண்மணி வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார்.

போன கார்த்திகையில் காரியம் முற்றியது. சக்கரவர்த்திக்கு வயது எழுபதை நெருங்குகிறது. கண்ணில் புரை, கையில் லேசான நடுக்கம். தை பிறந்ததும் பெங்களூரில் இருக்கும் மகனோடு போய் இருக்க முடிவு செய்தார். லேபை யாரிடம் விடுவது? ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து கேட்டார்கள். ஆட்களையும் அவர்களே கொண்டு வருவார்களாம். ஊசி போடாத ஆளுக்கு அங்கே வேலை இல்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். சக்கரவர்த்தி அன்புச்செல்வியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அவனுங்களுக்குக் குடுக்க எனக்கு இஷ்டமில்ல. நீ நடத்து. பொங்கல் அன்னிக்கு போர்டுல உன் பேர எழுதிடறேன். ஆனா ஊசிய நீ கையில எடுக்கணும். நான் போனப்பறம் உன் புள்ளிய யாரும்மா குத்துவாங்க?" என்று கேட்டார்.

அன்புச்செல்வி அடுத்த ஆளுக்குப் புள்ளி வைக்க எழுந்து போய்விட்டார். ஆரணியிலிருந்து தென்றல் தினமும் போன் செய்தாள். "அம்மா, மாட்டேன்னு மட்டும் சொல்லிடாத" என்று கெஞ்சினாள். அவர் ம் என்பார், வைத்துவிடுவார். மார்கழி பாதி போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் இரண்டு முறை வந்து சுவரை அளந்துவிட்டுப் போனார்கள்.

அப்படியொரு மார்கழிக் காலையில் எனக்கு முறை வந்தது. பனி மூடி மலை தெரியவில்லை. பெஞ்சில் எனக்கடுத்து செங்கம் பக்கத்து விவசாயி ஒருவரும் அவர் மனைவியும், ஓரத்தில் கம்பளி போர்த்திய ஒரு வெள்ளைக்காரப் பெண். அன்புச்செல்வி வழக்கம்போல் ஒளியறவனைத் தேடிப் பிடித்து என் இடக்கையில் புள்ளி வைத்தார். சக்கரவர்த்தி வந்தார். ஊசி இறங்கும்போதே அவர் விரல் ஆடியதைப் பார்த்தேன். ரத்தம் வரவில்லை. எடுத்துவிட்டு இன்னொரு ஊசியால் மறுபடி குத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போதும் வரவில்லை. குத்திய இடம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி நீலமாகிவிட்டது. அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"புள்ளி சரியாத்தாம்மா இருக்குது. என் கைதான் தப்பு" என்றார். நாற்பது வருடம் ரத்தம் எடுத்த மனிதர், எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அன்புச்செல்வி சுவரிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தார். "சார், எழுந்திரிங்க சார். அண்ணன் நாளைக்கு வரட்டும்" என்றார்.

"நாளைக்கு மட்டும் என் கை நின்னுடுமா?" என்றார் சக்கரவர்த்தி. "நீ எடு."

"எனுக்குக் கைராசி பூடுச்சு சார்."

"ராசியாவது கீசியாவது! நான் கத்துக் குடுத்தேன், நீ கத்துக்கின. அவ்ளோதான் நடந்துது. உன் மேல நம்பிக்கை இல்லன்னா வுட்டுத் தள்ளு. என் மேல இருக்குதா, இல்லியா? உனக்கு ஊசியக் குடுத்தவன் நானு. கை சரியில்லாத ஆளுக்கா குடுத்திருப்பேன்?"

விவசாயியின் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் வலது கைச் சட்டையை மடித்து மேலே ஏற்றினேன். ஊசிக்குப் பயந்தவன் நான். இருந்தாலும் கை தானாக நீண்டது. "எறும்புதானேம்மா, கடிக்கட்டும்" என்றேன். 

அன்புச்செல்வி கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு புதுச் சிரிஞ்சைப் பிரித்தார். ரப்பரை என் புஜத்தில் கட்டினார். பஞ்சால் துடைத்தார். விரலால் தேடினார். பேனா காதிலேயே இருந்தது. அவர் உதடு என்னவோ முணுமுணுத்தது. சாமி பெயரோ புகழேந்தி பெயரோ தெரியாது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சரி, இந்த முறையும் முடியவில்லை போலிருக்கிறது, பாவம், நாமாக எழுந்து போய்விடலாம் என்று கண்ணைத் திறந்தேன். குழாயில் பாதிக்கு மேல் ரத்தம் ஏறியிருந்தது.

"பாத்தியா! பாத்தியா!" என்று சக்கரவர்த்தி ஸ்டூலிலிருந்து எழுந்து குதிக்காத குறையாகக் கத்தினார். விவசாயியின் மனைவி பனிக்குள் மறைந்திருந்த மலைப் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என்ன நடந்ததென்று தெரியாத வெள்ளைக்காரப் பெண்கூடச் சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. போர்டில் பெயர் எழுதுகிற பெயின்டரை நானே போய்க் கூட்டி வரலாம் என்றுகூட நினைத்தேன்.

அன்புச்செல்வி சிரிக்கவில்லை. ரப்பரை அவிழ்த்தார். ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து என் கையை மடக்கிவிட்டார். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இவ்ளோ சுலபமா வந்துடுச்சேண்ணா" என்றார்.

"உங்க கைக்கு என்னம்மா குறைச்சல்?" என்றேன் நான், புரியாமல்.

"அன்னிக்கும் இதே கைதானண்ணா."

குழாயைத் தாங்கியில் பத்திரமாக நிறுத்தினார். பிறகு தன் வலது கையை விரித்து, ஒரு கணம் அதையே பார்த்தார். தெருவில் எங்கோ தொலைந்து போய்த் தாமதமாக வீடு திரும்பிய பிள்ளையைப் பெற்றவள் அடிப்பதுபோல, இடது கையால் அதன் மேல் பளீரென்று ஓர் அடி வைத்தார்.